மார்கழியில் வெறுங்கால்

எங்கள் தெருவில் பனிக்கு ஒரே வேலைதான் இருந்தது: என் உச்சந்தலையில் இறங்குவது. முத்தியால்பேட்டையில் இத்தனை வீடு இருக்க, இத்தனை தலை இருக்க, அது என்னைத் தேடித்தான் வரும் என்று என் மாமியார் உறுதியாக நம்பினார். ஐப்பசி பிறந்ததும் ஜன்னல்களைச் சாத்துவார். என் காதைச் சுற்றி ஒரு பச்சை மப்ளரைக் கட்டிவிடுவார். தை பிறக்கும்வரை நான் வீட்டுக்குள்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து எட்டு வருஷம் இப்படியே போயிற்று. சின்ன வயதிலிருந்தே எனக்கு இளைப்பு உண்டு. அதனால் நானும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு சித்திரை மாதம் இளைப்பு முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு தீக்குச்சியை உரசி, என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"உதட்டைக் குவிக்காம, வாயை நல்லாத் தொறந்து ஊதும்மா."

ஊதினேன். சுடர் ஆடியது, அணையவில்லை. மறுபடியும் ஊதினேன். குச்சி எரிந்து அவர் விரல்வரை வந்துவிட்டது, அவரே உதறி அணைத்தார். முப்பத்தோரு வயதில் ஒரு தீக்குச்சியை அணைக்க எனக்கு மூச்சில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெனமும் நட. மொதல்ல மெதுவா, அப்புறம் வேகமா. மழை, பனின்னு மூணு மாசம் உள்ள உக்காந்துட்டா, சேத்து வச்ச மூச்செல்லாம் போயிடும். திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உன்னால முடியுமான்னு எனக்குத் தெரியல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து நடந்தேன். வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய்த் திரும்பி வருவேன். முதல் வாரம் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆடியில் சாலையின் தென்கோடிவரை நிற்காமல் போக முடிந்தது. ஐப்பசி மழையில் குடையோடு போனேன். மாமியார் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார், நானே நிறுத்திவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

கார்த்திகையில் காற்று குளிர ஆரம்பித்தது. நடப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வியர்க்காது, கால் தானாக வேகம் பிடிக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வெறும் பனியனோடு எதிரே வருவார். "பொன்ழூர் மதாம்" என்று வணக்கம் வைப்பார். எனக்கு பிரெஞ்சு தெரியாது. அவர் சொன்னதை அப்படியே, பெண்களை அழைக்கும் அந்த மதாமையும் சேர்த்து, திருப்பிச் சொல்வேன். அவரும் ஒருநாள்கூடத் திருத்தவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தார். மில்லில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார்.

"நடந்தது போதும். மத்ததைத் தையில பாத்துக்கலாம்."

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"உனக்கு இளைச்சா டாக்டரம்மாவா வந்து முதுகு தடவுவாங்க?"

அதில் நியாயம் இருந்தது. எட்டு வருஷமாக முதுகு தடவியவர் அவர்தான். ஆனாலும் மறுநாள் போனேன்.

மார்கழியில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மற்ற மாதங்களில் வாசலில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். மார்கழியில் இருபத்தொரு புள்ளி வைத்து, தெருவை அடைத்துப் போட வேண்டும், நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ. எட்டு வருஷமும் நான்தான் போட்டேன். ஜன்னல் சாத்திய வீட்டில் பிற்பகல் முழுக்க உட்கார்ந்து கோலமாவைச் சலிப்பேன். வெள்ளைக்கல்லை இடித்த மாவு அது. இழை மெல்லிசாக விழவேண்டும் என்று மாமியார் இரண்டு முறை சலிக்கச் சொல்வார். விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் குனிந்து கோலம். அதன் பிறகு நடை.

ஐந்தாம் நாள் இளைப்பு வந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே, பனி!" என்றார் மாமியார். குரலில் கவலையும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. என் வீட்டுக்காரர் என் செருப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். எனக்கு எட்டாது.

ஒரு ஜோடி செருப்பில்லாவிட்டால் நான் நடக்கமாட்டேன் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். மறுநாள் வெறுங்காலோடு கிளம்பினேன். ஈரத் தார்ச்சாலை சில்லென்று இருந்தது. மூச்சு வாங்க வாங்க, பழைய கலங்கரை விளக்கம்வரை போய்விட்டு வந்தேன். அன்று நான் பயந்துதான் நடந்தேன். டாக்டரம்மாவுக்கே சந்தேகம், வீட்டில் நம்பிக்கையில்லை, ஒருவேளை எல்லாரும் சொல்வதுதான் சரியோ என்று.

அந்த வாரமே எனக்கு மாதவிலக்கு வந்தது. அந்த மூன்று நாள் நான் கோலமாவைத் தொடக் கூடாது, மாமியாரே பேருக்கு நாலு இழுப்பு இழுப்பார் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடற்கரைக்குப் போகக் கூடாது என்று சட்டமில்லை, யாரும் அதை யோசிக்கவில்லை. முதல் நாள் நடந்தேன், இளைப்பு குறைந்தது. இரண்டாம் நாள் இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி. அந்தப் பனியில் தென்கோடிவரை போய்த் திரும்பினேன், நெஞ்சில் ஒரு சத்தமில்லை.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுச் சல்லடையை எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் இளைத்தது.

முன்பெல்லாம் ஒருமுறை பிடித்தால் மாதம் முழுக்க விடாது, அதனால் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்துவிட்டது. கையிலிருந்த சல்லடையைப் பார்த்தேன். எட்டு வருஷம்! பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த மூடின அறையில் கல்தூளை மூச்சாக இழுத்திருக்கிறேன்.

சல்லடையைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் வைத்தேன்.

"அத்த, நாளையிலேர்ந்து நான் கோலம் போடமாட்டேன். சலிக்கவும் மாட்டேன். இந்த மாவுதான் எனக்கு ஆகல."

"மாவு இன்னா பண்ணுச்சி? பனியில சுத்திட்டு வந்து மாவு மேல பழி போடறியா?"

"ஒரு மணி நேரம் வாசல்ல குனிஞ்சி நிக்கறேனே, அப்ப பனி லீவு போட்டுடுதா? நடக்கும்போது மட்டும்தான் எறங்குதா?"

"மார்கழியில வாசல் வெறுசா கெடந்தா தெரு இன்னா பேசும்?" என்றார்.

"பேசட்டும். தெருவா எனக்கு மூச்சு வாங்கித் தருது?"

அரிசிமாவைக் கரைத்துப் போடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அத்தனை பெரிய கோலத்துக்கு யார் வீட்டு அரிசி என்று கேட்டார். அதோடு நானும் விட்டுவிட்டேன். மறுநாள் வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டு நடக்கப் போனேன். தெரு முழுக்கப் பூசணிப்பூ மலர்ந்திருக்க, எங்கள் வாசல் மட்டும் ஈரமண்ணாகக் கிடந்தது.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு அக்கா பதறிப்போய் நின்றிருந்தார். சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் மார்கழியில் கோலம் இருக்காது.

"இன்னாடி ஆச்சி? யாரு தவறிட்டாங்க?"

"யாரும் சாவலக்கா. சாவக் கூடாதுன்னுதான் கோலம் போடல."

உள்ளே நின்றிருந்த மாமியார் அதைக் கேட்டார். அதற்குப் பிறகு அவரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தினமும் சின்னதாக ஒரு கோலம் போட்டார். அவர் முழங்கால் வலி எனக்குத் தெரியும். மனசு உறுத்தத்தான் செய்தது. அந்த உறுத்தலோடு நடந்தேன், ஒரு நாள் தவறவில்லை.

பொங்கலன்று என் வீட்டுக்காரருக்கு மில் விடுமுறை. நான் கிளம்பும்போது வாசற்படியில் நின்று சிகரெட் பற்றவைக்கப் போனார்.

"இன்னிக்குமா? இந்தக் குளுருல? உள்ள மூச்சு மிச்சம் இருக்குதா இல்லையா?"

அவர் உரசிய குச்சி இரண்டு சாண் தள்ளி எரிந்தது. உதட்டைக் குவிக்காமல், வாயை நன்றாகத் திறந்து ஊதினேன். அணைந்தது. என்னைப் பார்த்தார். இன்னொரு குச்சியை உரசினார், அதையும் ஊதினேன். மூன்றாவதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். அதுவும் அணைந்தது.

நாலாவது குச்சியை அவர் எடுக்கவில்லை. உள்ளே போனார், பரணிலிருந்து என் செருப்பை இறக்கி, தூசி தட்டி, என் காலடியில் வைத்தார்.

நான் அதைத் தாண்டி இறங்கி, வெறுங்காலோடு நடந்தேன்.