மேசைக்கு அடியில் பரீதா ராத்தா

பரீதா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கவுண்டரில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாவுலயிலிருந்து வந்த ஒருவர் காணி விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அழும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எழுந்து போக முடியாது, எனக்குப் பதிலாக உட்கார ஆள் இல்லை. காணிக்காரருடைய வேலையை முடித்தேன், அடுத்தவருடையதையும் முடித்தேன். "இவங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல பாருங்க" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. வரவில்லைதான். எனக்கு அழுகை வர நாளாகும். அது ராத்தாவுக்குத் தெரியும். மற்றவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்தளையில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் தட்டெழுத்துப் பகுதி பரீதா. கலகலப்பானவர், யார் வீட்டுக் கலியாணத்துக்கும் முதல் ஆளாகப் போய்ச் சேருகிறவர். எனக்கு அவர் மேசைக்கு அடியில் இருந்த ஒரு கால். பழைய மேலதிகாரி, தன் மகள் கலியாணத்தில், சாப்பாடு எப்படி என்று என்னைக் கேட்டார். உப்புக் கூடிவிட்டது, கோழி வேகவில்லை என்றேன். ராத்தா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். "புள்ள, அவர் பதிலுக்குக் கேக்கல்ல. கேக்கணும்னு கேட்டது." "பதில் வேணாம்னா எதுக்குக் கேக்கணும்?" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் பேச்சை நிறுத்தாமல் போனால் காலை மிதிப்பார். முழங்கையைத் தொட்டால், எதிரில் இருப்பவரின் வீட்டாரை விசாரிக்க வேண்டும். பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல, பழகிப்போனது. இத்தனை வருஷமாக எனக்கு இருந்த நல்ல பெயர் அந்தக் காலால் கிடைத்தது.

புதிதாக வந்த மேலதிகாரி என்னைக் கோப்பு அறையிலிருந்து கவுண்டருக்கு மாற்றினார். பல பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குத் தமிழும் புரியாது, சிங்களமும் புரியாது. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வேன். ஓட்டிசம் பற்றிப் போனில் வாசித்தபோது, யாரோ என்னைக் கூடவே இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. டொக்டர் அறிக்கை கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே அனுப்புகிறேன் என்றார் மேலதிகாரி. "பைத்தியம்னு எழுதி வாங்கிட்டு வரப் போறியா?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் என்னோடு வர மறுத்துவிட்டார். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல அம்மாவும் இல்லை. ராத்தா லீவு போட்டுக்கொண்டு கண்டி டொக்டரிடம் என்னோடு வந்தார்.

டொக்டர் தன்மையாகத்தான் கேட்டார். ராத்தா என் பக்கத்தில் இருந்தார். அறிக்கை இப்படி வந்தது: முகம் பார்த்துப் பேசுகிறார், இடம் பார்த்துச் சிரிக்கிறார், மற்றவர்களை விசாரிக்கிறார், கலியாணம் முடித்திருக்கிறார். ஓட்டிசம் இல்லை, வெறும் பதற்றம். மாத்திரை குடிக்கவும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா அதை வாசித்தார். மாத்தளை வரும்வரை மறுபடி மறுபடி வாசித்தார். இறங்கும்போதுதான் சொன்னார். "புள்ள, இதுல எழுதி இருக்கிறது உங்களப் பத்தி இல்ல. என்னப் பத்தி." டொக்டரின் அறையிலும் அவர் என் காலை மிதித்திருக்கிறார், முழங்கையைத் தொட்டிருக்கிறார். நான் டொக்டருடைய பிள்ளைகளை விசாரித்திருக்கிறேன். இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

மேலதிகாரி அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அப்ப ஒண்ணும் இல்லையே, கவுண்டர்லயே இருங்க" என்றார்.

திரும்பவும் அதே டொக்டரிடம் போனோம். சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய், வரிசையாக, தடுமாறாமல் சொன்னேன். "இவ்வளவு தெளிவாப் பேசுறீங்க, உங்களுக்கு என்ன குறை?" என்றார் அவர். நன்றாகப் பேசினால் எனக்கு ஒன்றும் இல்லையாம். பேச வராவிட்டால் நான் சொல்வது யாருக்கும் கேட்காது. இதற்குள்ளிருந்து எந்த வழியாக வெளியே வருவது? ராத்தா காலை மிதித்த கதையைச் சொன்னார். டொக்டர் சிரித்தார், "நல்ல சிநேகிதி" என்றார். அதை எழுதிக்கொள்ளவில்லை. ராத்தா விடவில்லை. எங்கெங்கோ ஏறி இறங்கி, வேறொரு டொக்டரிடம் நாள் வாங்கினார். "இந்தத் தடவ நான் முன்னுக்கே போய், தெரிஞ்சதச் சொல்லிட்டு வெளிய வந்துடுவேன். பொறகு நீங்க தனியப் போங்க. வாய்க்கு வந்ததப் பேசுங்க." அந்த நாள் வருமுன் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

மையத்து வீட்டில் பெண்கள் இருந்த அறையில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ராத்தாவின் மகள் நஸ்ரின் வந்து என் கையைப் பிடித்தாள். "இனி டொக்டர்கிட்ட என்கூட யாரு வருவா?" என்று கேட்டேன். "மையத்த இன்னும் எடுக்கவும் இல்ல, கேக்கிற கேள்வியப் பாருங்க" என்றார் வயதான ஒரு பெண். அவர் சொன்னது நியாயம். ஆனால் ராத்தா இல்லை என்பது அந்தக் கேள்வியாகத்தான் எனக்குள் வந்தது. வேறு விதமாக வரவில்லை. நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வாறேன் ஆன்ட்டி. இப்ப நீங்க கேட்டீங்களே, அதயே அங்க சொல்றேன்."

ராத்தா வாங்கிய டொக்டர் நாள் இன்னும் வரவில்லை. கவுண்டரில்தான் இருக்கிறேன், மாத்திரையும் குடிக்கிறேன். புது டொக்டரும் நம்பாமல் போகலாம்.

ராத்தாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. பஸ் கண்டக்டருக்குக்கூட நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர், அன்றைக்கு அந்த டொக்டர் சிரித்து முடித்ததும், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் ஓடிப்போய், "ராத்தா, தேங்க்ஸ் சொல்ல மறந்துட்டீங்க" என்றேன்.

"மறக்கல்ல புள்ள" என்றார்.