வட்டக்கச்சிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனோம்

சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கும் எங்களுக்கு இறுதி ஆண்டில் கள ஆய்வு கட்டாயம். தோட்டங்களுக்குப் பக்கத்திலுள்ள கிணறுகளில், போடுகிற உரத்திலிருந்து எவ்வளவு நைத்திரேற்று கலந்திருக்கிறது என்று பார்க்க நானும் நிலானியும் முடிவு செய்தோம். அதற்காகக் கடந்த புரட்டாதியில் வட்டக்கச்சிக்குப் போனோம். இனி இப்படிப் போக இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடிக்கவும்தான், அதை ஏன் மறைக்கவேணும்?

வவுனியாவில் காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணப் பஸ்ஸில் ஏறினேன். நிலானி ஓமந்தையில் ஏறினாள். அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியது. பெற்றோர் இருவரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். சோதனைகளில் அவள் கை பிசகாது. ஆனால் வகுப்பில் எழுந்து பேசச் சொன்னால் குரலே வெளியே வராது. அதனால் வீடுகளில் கதைப்பது நான், சோதிப்பது அவள் என்று பிரித்துக்கொண்டோம்.

கிளிநொச்சி ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியால ஓட்டம். அங்கிருந்து வட்டக்கச்சிக்கு ஓட்டோவில் ஆயிரம் ரூபாய். பஸ்ஸும் உண்டு, ஆனால் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் நிற்க முடியாது.

ஓட்டோக்கார அண்ணை பெட்டியைப் பார்த்து, "என்ன பிள்ளையள், ஐஸ்கிறீம் விக்கப் போறியளோ?" என்றார்.

"இல்லை அண்ணை, கிணத்துத் தண்ணி எடுக்கப் போறம்."

"வவுனியாவில தண்ணி இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

முதல் சில வீடுகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னர் சுகந்தி அக்கா என்பவருடைய வீட்டுக்குப் போனோம். கிணற்றைச் சுற்றி மிளகாய்த் தோட்டம். நிலானி சோதனைத் தாளைத் தண்ணீரில் தோய்த்து எடுத்தாள். நைத்திரேற்று இருந்தால் தாள் இளஞ்சிவப்பாகும், கூடக் கூட நிறம் கடுமையாகும். அன்று காலையில் நாங்கள் பார்த்ததிலேயே கடுமையான நிறம் அந்தத் தாளில்தான் வந்தது. இன்னொரு தாளிலும் பார்த்தாள், அதே நிறம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது. சுகந்தி அக்கா இரண்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, குசினிக்குள் பால்மா கரைக்கப் போனார்.

கரைக்கப் போவது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். ஆய்வுகூட முடிவு வரும்வரை யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது, ஊரில் வீண் பதற்றம் வரும் என்று எங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள். வேலிக்கரைக்குப் போய் எங்கள் விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். "உறுதியாகாததை உறுதி எண்டு சொல்லாதேங்கோ. ஆனா அந்தப் பிள்ளைக்கு இண்டைக்கே வேற தண்ணி வேணும். பிள்ளையளைப் பாக்க வாற மருத்துவமாதுக்கு நான் சொல்லுறன்" என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் நிலானி குசினி வாசலில் நின்றாள். "அக்கா, அந்தத் தண்ணியில கரைக்காதேங்கோ."

"நான் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன்" என்றார் சுகந்தி அக்கா.

"கொதிக்க வைச்சா கிருமி சாகும் அக்கா. உப்புத் தண்ணியக் கொதிக்க வைச்சா உப்புப் போகுமோ? வத்த வத்தக் கூடத்தான் கரிக்கும். உரத்தில இருந்து தண்ணியில கலக்கிறதும் அப்பிடித்தான்."

சத்தம் கேட்டுத் தோட்டத்திலிருந்து அவருடைய கணவர் ரவி அண்ணா வந்தார். முகம் இறுகியிருந்தது. "நாங்கள் எல்லாரும் இதைத்தானே குடிக்கிறம். எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே. எங்கட கிணத்தைப் பற்றி ஊருக்குள்ள கதை பரவப்போகுது."

கதைக்க வேண்டியவள் நான். ஆனால் நிலானிதான் பதில் சொன்னாள், குரல் நடுங்கவேயில்லை. "பெரிய ஆக்களின்ர உடம்பு தாங்கும் அண்ணா. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ரத்தத்தில ஒட்சிசன் குறைஞ்சுபோகும். தாள் பிழை எண்டால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. சரி எண்டால்?"

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் கானை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பிரதான வீதியிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். "இதையும் பாருங்கோ" என்று நிலானியிடம்தான் நீட்டினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் கரைத்த பாலைக் குழந்தை குடித்து முடிக்கும்வரை நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

கிணற்றில் நைத்திரேற்று கூட என்றே ஆய்வுகூட முடிவும் சொன்னது. அதை நேரில் சொல்ல மறுபடி போனபோது, சுகந்தி அக்கா வீட்டு வாசலில் அயல் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். மருத்துவமாதும் நின்றார். ரவி அண்ணா நிலானியைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான்" என்றார். நிலானி வெட்கத்தில் தலையைக் குனிந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன். அவளோடு மூன்று வருடம் ஒன்றாகப் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்று அவ்வளவு ஆசை.

போக இருப்பவர்களுக்கு: விடியவே கிளம்புங்கள், வெயில் பொல்லாதது. தண்ணீர் எடுத்த போத்தல்கள் அன்றே ஆய்வுகூடம் சேர வேண்டும், ஆகவே கிளிநொச்சியில் பிற்பகல் பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். சந்தேகமான முடிவு வந்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று முதலே கேட்டு வையுங்கள். எத்தனை கிணறு என்று திட்டமிட்டாலும் அதைப்போல இரண்டு மடங்கு போத்தல் கொண்டு போங்கள். அந்த இரண்டாம் முறை எங்களிடம் போத்தல் முடிந்த பிறகும் பெண்கள், "எங்கட கிணத்தையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.