ஆமை ஜெயித்த காலை

என் தம்பிக்கு வீட்டில் ‘ஆமை’ என்றுதான் பெயர். எதையும் நிதானமாகத்தான் செய்வான். நான் துணி வெளுக்கும் முதியோர் இல்லத்திலேயே அவனும் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தான்; அந்தப் பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

அவனைச் சோதித்துப் பார்க்கும் மாதத்தின் கடைசி நாள். “இன்னைக்கும் லேட் பண்ணினா வேலை கிடையாது” என்றார் மேற்பார்வையாளர் அம்மா.

அன்று அவனிடம் விடப்பட்டவர் ஒரு பழைய லாரி டிரைவர். பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராது. சட்டை மாட்டிவிட யார் போனாலும் அடிப்பார். தம்பி சட்டையை அவரிடமே கொடுத்து எதிரே உட்கார்ந்தான்.

“நீங்களே போடுங்க ஐயா. எனக்கென்ன அவசரம்?”

ஆறு பொத்தான், நாற்பது நிமிடம்.

சாப்பாட்டு அறைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தவர், “நானே போட்டேன்!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார். “ஆமை, நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்.”

அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டது நான்தான்.