ஜெக்கரியா பாயும் பதினாறு மைலும்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற ஜனங்கள் ஆவணி மாதத்தில் கீழ்வேளூர் வழியாகத்தான் போவார்கள். ஒரு வருஷம் பஞ்சர் ஒட்டுவதற்காக ஜெக்கரியா பாய் பட்டறையில் நான் காத்திருந்தேன். எதிரே புளியமரத்தடியில் ஒரு அம்மாள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாத கால், பாதமெல்லாம் கொப்புளம். பாய் பழைய டயரில் இரண்டு துண்டு அறுத்தார். தூங்குகிறவள் பாதத்தின் பக்கத்தில் சாண் வைத்து அளந்துவிட்டு வந்தார். வார் வைத்துத் தைத்து, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவந்து என் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்.

அப்போது நான் இராஜாங்கம் பண்ணையாரின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய வண்டி. களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றினால் சேற்று வண்டிப்பாதையில் ஏறமாட்டாமல் முனகும். பண்ணையார் பாயிடம் சொல்லி, திருச்சி காயலான் கடையிலிருந்து வேறொரு லாரியின் பின் ஆக்சில் வாங்கிவந்து மாட்டச் செய்தார். டயரும் பெரிது போட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு சேறானாலும் வண்டி யானை மாதிரி ஏறிற்று.

மாட்டி முடித்த அன்று பாய் என்னிடம் சொன்னார். "தம்பி, பழைய ஆக்சில்ல சக்கரம் ஒரு சுத்து சுத்த, என்ஜின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட்டு அஞ்சு சுத்து சுத்தும். இதுல ஆறு. மீட்டரு ஷாஃப்ட்டைப் பார்த்துத்தான் எண்ணுது. அதனால மைலைக் கூட்டிக் காட்டும்."

"அப்ப மீட்டர் தப்பாயிடுமே பாய்?"

"டயரு பெருசு போட்டிருக்கோம்ல. பெரிய டயரு ஒரு சுத்துக்குக் கூடுதலா ஓடும், அது மீட்டரைக் குறைச்சுக் காட்டும். ரெண்டும் பாதிக்குப் பாதி கழிஞ்சிடும். மீதியும் சரியாக மீட்டருக்குள்ள போற சின்னப் பல்சக்கரத்தையும் மாத்தணும், தஞ்சாவூர்லயே கிடைக்கல. வந்தா போட்டுடலாம்."

வரவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

நிலத்துக்குப் பதினைந்து ஏக்கர் உச்சவரம்பு என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. ஊருக்கு ஊர் தகராறு. அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டு எங்கள் தெரு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தால் விடமாட்டோம் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். தெருவில் சங்கத்துக்குத் தலைவர் அய்யாக்கண்ணு அண்ணன். என் வீட்டுக்கு மூன்றாம் வீடு. பண்ணையார் வண்டியை ஓட்டுகிறவன் என்று அவருக்கு என்மேல் எப்போதும் ஒரு கண். "என்ன உலகநாதா, இன்னிக்கு யாரை ஏத்தப் போறே, மூட்டையவா, முதலாளியவா?" என்பார். சிரித்துக்கொண்டே கேட்பார்.

தை மாதம் ஒரு நாள் பாபநாசத்தில் ஒரு மில்லுக்கு நெல் ஏற்றிப் போனேன். போக நாற்பது மைல், வர நாற்பது மைல். மில்லில் இறக்கிவிட்டு மத்தியானம் வரும்போது ஆளில்லாத இடத்தில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் தனியாக நின்றேன். பொழுது சாயும் முன்னே வந்து வண்டியை விட்டு, மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். காலையில் எழுதிய எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தொண்ணூற்றாறு. கூட்டிக் கழித்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. பார்த்த எண்ணை அப்படியே எழுதுவேன்.

அன்று மத்தியானம் எட்டு மைலுக்கு அப்பால் கருவேலங்குடியில் ஒரு பச்சை வேன் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. அடிதடியில் ஒருவருக்கு மண்டை உடைந்து நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"பாபநாசம் போய்வந்தா எண்பது. பதினாறு மைலு எங்கய்யா போனே?"

எட்டு போக, எட்டு வர. கணக்கு அப்படியே பொருந்திற்று. எனக்கே ஒரு நிமிஷம், நான் கருவேலங்குடிக்குப் போய்விட்டு மறந்துவிட்டேனோ என்று மனம் தடுமாறியது.

ஆக்சில் மாற்றியதைச் சொன்னேன். பண்ணையாரைக் கேட்டார்கள். "எனக்கு வண்டி விஷயமெல்லாம் தெரியாது. ஓட்டறவன் அவன்" என்று சொல்லிவிட்டார். பெரிய டயர்களைப் பத்து நாள் முன்புதான் தன் டிராக்டர் டிரெய்லருக்குக் கழற்றிக்கொண்டு, பழைய சின்ன டயரை வேனுக்கு மாட்டச் சொன்னவரும் அவர்தான். அதையும் சொல்லவில்லை.

என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் செத்துப்போனால் கொலைக்கேசு என்று காதுபடப் பேசினார்கள். சாப்பாடு கொண்டுவந்த என் சம்சாரம் நாகரத்தினம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னாள். "தெருவுல யாரும் பேசமாட்டேங்கறாங்க. குழாயடியில நான் போனா குடத்தை எடுத்துக்கிட்டு நகர்ந்துடறாங்க."

"ஜெக்கரியா பாயைப் போய்ப் பாரு. அவரு சொன்னாத்தான் நம்புவாங்க."

"போயிட்டுத்தான் வர்றேன். பட்டறை பூட்டியிருக்கு. நாகூருக்குப் போயிருக்காருன்னாங்க."

இரண்டு நாள். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் வாசலைப் பார்த்தேன். நீலாயதாட்சி அம்மனுக்கு எத்தனை வேண்டுதல் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாய் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அய்யா, அந்த ஆக்சிலை மாத்தினது நான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஏத்தலை. மீட்டருக்குப் பல்சக்கரம் மாத்தாம விட்டதும் நான்தான்."

"மீட்டர் பொய் சொல்லுமா பாய்?"

"பொய் சொல்லாதுங்கய்யா. ஷாஃப்ட்டு எத்தனை சுத்து சுத்துதோ அத்தனையும் எண்ணும். சக்கரம் எவ்வளவு தூரம் ஓடுச்சுன்னு அதுக்குத் தெரியாது." ஸ்டேஷன் வாசலில் போலீஸ் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வேனைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் டயரைக் கவனித்தார் போலிருக்கிறது. "பெரிய டயரையும் கழட்டிட்டாங்களா? அப்ப கழிய வேண்டியது கழியல. அஞ்சு மைலுக்கு ஆறு காட்டும். ஓட்டிப் பாத்துடுங்க. ரோட்டுல பழைய மைல் கல்லு இன்னும் நிக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே நின்றிருந்த அய்யாக்கண்ணு அண்ணனையும் ஏறச் சொன்னார். "நீங்களும் பாருங்க. அப்புறம் போலீஸு பண்ணையாருக்குச் சாதகமா போச்சுன்னு கொடி புடிக்காதீங்க."

"கண்ணால பாத்தா கொடி எதுக்குங்க" என்று அவர் ஏறினார்.

என்னையே ஓட்டச் சொன்னார்கள். ஸ்டேஷன் பக்கத்துக் கல்லில் மீட்டரைக் குறித்துக்கொண்டு திருவாரூர் ரோட்டில் கிளம்பினேன். முதல் மைல் கல்லில் நிறுத்தினேன். மீட்டரில் சரியாக ஒரு மைல்.

"சரியாத்தானே இருக்கு பாய்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பாய், "அடுத்த கல்லுக்குப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் கல்லில் மீட்டர் இரண்டும் பத்தில் நாலு பாகமும் காட்டிற்று. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

அப்போது பின்னாலிருந்து அய்யாக்கண்ணு அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அந்த மொதக் கல்லு அது இருந்த எடத்துல இல்லீங்க. வாய்க்கால் மதகு கட்டறப்போ புடுங்கி, கொஞ்சம் ஸ்டேஷன் பக்கமா தள்ளி நட்டாங்க. தூக்கினவன்ல நானும் ஒருத்தன்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

ஐந்தாம் கல்லில் மீட்டர் ஆறு. திரும்பி வரும்போதும் ஐந்துக்கு ஆறு. சப்-இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எண்பதை எழுதி, ஐந்துக்கு ஒன்று கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்றாறு வந்தது. "வீட்டுக்குப் போய்யா" என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். கருவேலங்குடிக்குப் போன வேன் வேறு ஜில்லாவிலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்தது. குழாயடியில் நாகரத்தினத்தோடு பேச ஆரம்பித்தார்கள். ஆனால் பாய்க்கு நல்லது நடக்கவில்லை. அனுமதி இல்லாமல் ஆக்சில் மாற்றினதற்கு அவர்மேல் வழக்குப் போட்டார்கள். பண்ணையார் வண்டி ஒன்றும் அதற்குப் பிறகு அவர் பட்டறைக்கு வரவில்லை. சைக்கிளும் மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவுமாகப் பல வருஷம் காலம் தள்ளினார். அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

மகன்கள் தலையெடுத்த பிறகு அவருக்கு ஹஜ்ஜுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. போன இடத்திலேயே காலமாகி, அந்தப் புண்ணிய மண்ணிலேயே அடங்கிவிட்டார். கிளம்புவதற்கு முன் அவர்கள் வழக்கப்படி வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவந்தார். என் வீட்டுக்கும் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்கிட்ட என்ன பாய் மன்னிப்பு? என்னைக் காப்பாத்தினதே நீங்கதானே" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாகூருக்கு நான் போகவே இல்லை தம்பி. உங்களைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கே எனக்குத் தெரியும். என்னையும் புடிச்சிடுவாங்களோன்னு பயந்து, ரெண்டு நாள் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். அந்த ரெண்டு நாளை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கெளம்பணும்."