படியில் விழுந்தவர்கள்

தமிழர்களுக்கு எதிரான கலவரத்துக்கு அடுத்த வருஷம், கண்டியில் வரிக் கந்தோர் ஒன்றில் அவரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதி. முத்திரையை இடக்கையால்தான் குத்துவார்; வலக்கை மேசைக்கடியிலேயே இருக்கும்.

அடிபட்ட முதுகுக்கு மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்திருந்தேன். அந்தச் செலவுக்கு வரிச் சலுகை உண்டென்று யாரோ சொல்ல, பற்றுச்சீட்டுகளோடு போயிருந்தேன். படிவத்தில் காயத்தின் காரணம் கேட்ட இடத்தில், 'கலவரத்தில் பொல்லால் அடித்தார்கள்' என்று எழுதியிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொலிஸில என்ட்ரி இருக்கோ?"

"போனேங்க. அப்படி ஒன்னும் நடக்கலைன்னு சொல்லிட்டாங்க."

"நடக்காத விசயத்துக்கு எப்பிடித் தம்பி சலுகை தாறது? படியில வழுக்கி விழுந்ததெண்டு எழுதும்."

"மஹய்யாவயில எங்க வீட்டுல படியே இல்லீங்க."

அவர் பக்கத்திலிருந்த கோப்புக் கட்டைத் தட்டினார்.

"இந்த ஆக்களின்ர வீட்டிலயும் இல்லை. போன வருசம் எங்கட சனம் முழுக்கப் படியிலதான் விழுந்தது."

திருத்தி எழுதிக் கொடுத்தேன். இடக்கையால் முத்திரை குத்தும்போது தாள் நழுவியது. அதைப் பிடிக்க வலக்கையை மேலே எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை.

"ஐயாவுக்கும்...?" என்று இழுத்தேன்.

"ஓம், நானும் படியிலதான்" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டபடி.

எனக்குச் சலுகை கிடைத்தது. படியில் விழுந்ததாக எழுதும்படி அவருக்குச் சொன்னது யார் என்றுதான் இன்றுவரை யோசிக்கிறேன்.