புல்தரைக்கு அடியில்

புஷ்பத்தை மலை கொன்றது என்கிறார்கள். இல்லை... நான்தான் கொன்றேன்!

அப்புத்தளையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் நிற்கும் விடுதிக்கு நீங்கள் ஒருநாள் வரக்கூடும். அதன் மேலாளன் நான். கணப்படுப்பின் அருகே உங்களை அமரவைத்து வீட்டின் வரலாற்றைச் சொல்வேன். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. துரைமார் போனபின் ஓடு சரிந்து, வௌவால் அடைந்து கிடந்தது. கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கிப் பழைய அழகை மீட்டார். அந்த வேலையை நடத்தியவன் கீழேயுள்ள கூலிக்காரர் லயத்தில் பிறந்த நான் என்றதும் கைதட்டுவீர்கள். எல்லோரும் தட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன்.

பங்களாவுக்கும் லயங்களுக்கும் நடுவே துரை ஒரு கல் கான் வெட்டியிருந்தார். மலைநீரை மறித்து ஓடைக்குத் திருப்பிவிடும் வடிகால். முதலாளி பரந்த புல்தரை கேட்டார். கானை மண்போட்டு மூடும் யோசனை அவருடையதல்ல, என்னுடையது! அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் அது நிறைந்து இரைவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தெரியும்... ஆனாலும், "கெட்டிக்காரன்" என்று முதலாளி தோளில் தட்டியது இனித்தது.

அடுத்த ஐப்பசி மழையில், ஒரு பிற்பகல், புல்தரையின் விளிம்பு பிளந்தது. லயத்தின் கடைசி வீட்டைச் சேறு மூடியது. உள்ளே புஷ்பம் இருந்தாள். என் சிநேகிதன் மாரிமுத்துவின் மனைவி. நானும் மண்வெட்டியோடு ஓடினேன். அவளைத் தூக்கியபோது அழுதேன். அந்த அழுகை அவளுக்கா, எனக்கா?

"மலை எறங்குனா யாரு மச்சான் தடுக்க முடியும்?" என்று மாரிமுத்து என்னைத் தேற்றினான். அவன், என்னை! நான் தலையாட்டினேன். பிறகு விடுதியில் அவனுக்குச் சமையல் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதற்காக ஊர் என்னைப் புகழ்கிறது.

கானை இன்னும் திறக்கவில்லை. திறந்தால், ஏன் மூடினாய் என்று கேட்பார்களே...

இந்த வருடம் மழை முந்திவிட்டது. மாரிமுத்துவும் பிள்ளைகளும் இப்போது பக்கத்து லயத்தில், அதே சரிவின் கீழே. இன்று காலை அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், பின் செவரு ஓரமா தண்ணி ஊறுது. செம்மண்ணாட்டம் கலங்கி வருது. புள்ளைங்கள வெலிமடையில அக்கா வீட்டுக்கு அனுப்பிரவா?"

சொல்லிவிட வாய் திறந்தேன். மழை சற்று ஓய்ந்திருந்தது. புல்தரையில் விருந்தினர்கள் பனிமூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் அவர்களோடு நின்றார்.

"மழைத் தண்ணிதான்டா. வடிஞ்சிரும்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "நீ சொன்னா சரிதான் மச்சான்" என்றான்.