அண்ணி போட்ட கோடு

கொட்டாங்குச்சியில் கோலமாவை எடுத்துக்கொண்டு அண்ணி குனிந்தால், விரல்களுக்கு நடுவிலிருந்து மாவு நூல் பிடித்த மாதிரி இறங்கும். குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்துகொண்டு போவார். நிமிர்ந்து பார்த்தால், கொத்தனார் நூல் கட்டி அடித்ததுபோல் கோடு நேராக இருக்கும். அந்தக் கொட்டாங்குச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது. விளிம்பில் ஒரு விரிசல். உள்ளே வெள்ளை படிந்து கல்லாகிவிட்டது.

இராயபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் எங்கள் தெரு. ஒரு கட்டைவண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்க இடமிருக்காது. வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை ஓடும். ஓடும் என்று சொல்வதே தப்பு, நிற்கும். தெருக்கோடியில் பள்ளத்தில் எங்கள் வீடு என்பதால், மழைக்காலத்தில் மொத்தத் தெருவின் அழுக்கும் எங்கள் படியேறி உள்ளே வரும். அப்படி ஒரு மழையில்தான் அண்ணியின் முதல் குழந்தை, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத பெண், வாந்திபேதியில் போயிற்று. அண்ணி அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் வாசல் இறங்கும்போது சாக்கடையைப் பார்க்காமல், புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேலேயே காலைத் தூக்கித் தாண்டுவார். நான் ஐந்தாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்தவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எனக்காகப் பேசியவரும் என்னோடு பேசியவரும் அண்ணி ஒருவர்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் இருக்கும். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் புதைத்து மேலே நல்ல ரோடு போட நகரசபையில் தீர்மானமாகிவிட்டது என்றார்கள். ஓவர்சியர் ஆட்களோடு வந்தார். அளந்தார்கள், முளை அடித்தார்கள், நடுத்தெருவில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோடு கரிக்கடை பாயின் கடையோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டையும் சேர்த்து நாலைந்து வீடு. “இப்ப இவ்ளோதான் உத்தரவு. மீதி அப்புறம்” என்றார் ஓவர்சியர். அண்ணி அப்போது மறுபடி முழுகாமல் இருந்தார்.

மறுநாள் ஓவர்சியர் வந்து பார்த்தபோது கோட்டைக் காணோம். விடியலில் பெண்கள் வழக்கம்போல் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டிருந்தார்கள். முளைகள் யார் வீட்டு அடுப்புக்கோ போயிருந்தன.

“இன்னாம்மா இது? நகரசபை போட்ட கோடும்மா!”

“இருக்கட்டும் சார். அதுக்காக வாசல் தெளிக்காம வுட முடியுமா? வெள்ளிக்கெழம வேற” என்றாள் எதிர்வீட்டு அக்கா. “நீ குறுக்கால கோட்டப் போட்டா நாங்க கோலத்த எங்க போடறது, உன் முதுகுலயா?”

மறுபடி போட்டார். மறுபடி அழிந்தது. கடைசியில் தோற்றுப்போய், கோடு தொடங்கும் சுவரிலும் முடியும் சுவரிலும் தாரால் அடையாளம் வைத்தார். “அழிக்கிறவங்களே போடுங்க. ஆளுங்க வெட்ட வர்ற வரைக்கும் இது உங்க பொறுப்பு.” எல்லாரும் அண்ணியைக் கைகாட்டினார்கள்.

தினமும் காலையில் அண்ணி கோடு போடுவார், நான் மாவுக் கூடையோடு கூடவே போவேன். ஒருநாள் தார் அடையாளம் வந்தும் அண்ணியின் கை நிற்கவில்லை. பாய் கடைப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தங்கச்சி, கோடு நம்ம கடையத் தாண்டி ஓடிக்கினு கீது?”

அண்ணி நிமிரவில்லை. “பேதி உங்க கடையோட நின்னுடுதா பாய்?”

பாய் கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தார். “நான் எதையும் பாக்கலம்மா. கண்ணுல கரித்தூளு” என்று உள்ளே போய்விட்டார்.

ஓவர்சியருக்கு வேறு தெருக்களிலும் வேலை. மண் வெட்டுகிறவர்களுக்குக் கோடுதான் உத்தரவு. அவர் திரும்பி வந்தபோது பள்ளம் எங்கள் வாசலுக்கே வந்திருந்தது. தெருவே கூடிவிட்டது. அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“கடையோட நிறுத்தணும்னு தெரியாதாம்மா உனக்கு?”

“தெரியும் சார். நிறுத்தக் கை வரல. ஒண்ணக் குடுத்துட்டேன். இன்னொண்ண வயித்துல வச்சிக்கினு எப்டி நிறுத்துவேன்?”

அந்தக் குழந்தையைப் பற்றி அண்ணி பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான். ஓவர்சியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “எழுதிப் போடறேம்மா. குழாய் இல்லாம நான் என்ன செய்ய?” என்றார். கடை வரைக்கும் குழாய் இறக்கிவிட்டு, மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு கூடை மண் விழுவதையும் அண்ணி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரசவத்துக்கு எண்ணூரிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது கொட்டாங்குச்சியை என் கையில் கொடுத்தார். “கோட்ட வுட்டுடாத. கொழா வந்ததும் வந்துடறேன்.” பையன் பிறந்தான். அண்ணி வரவில்லை. இங்கே மணலில் தண்ணீர் நிற்பதில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொல்லியனுப்பினார். அண்ணனும் துறைமுக வேலைக்கு எண்ணூரிலிருந்தே ரயிலில் வந்துபோக ஆரம்பித்தார். நான் தினமும் பாய் கடையிலிருந்து எங்கள் வாசல் வரை கோடு போட்டேன். “தெருவுக்கு வகுடு எடுக்குது பாரு இந்தப் பொண்ணு” என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பாள். கோடு இருக்கிற வரை நகரசபைக்கு எங்கள் வீடு மறக்காது, குழாய் வந்தால் அண்ணி வந்துவிடுவார். என் கணக்கு அவ்வளவுதான்.

மழைக்காலங்கள் வந்து போன பிறகு ஒருநாள் அதே ஓவர்சியர் குழாய் வண்டிகளோடு வந்தார். என் கோட்டைப் பார்த்தார். “கோணலா இருக்கே” என்றார். பிறகு ஆட்களிடம், “பரவால்ல, இதும் மேலயே வெட்டுங்கப்பா” என்றார்.

புது ரோட்டைப் பார்க்க அண்ணி வந்தார். பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தான். வாசலுக்கு வந்ததும் அண்ணி கொசுவத்தைப் பிடித்தார், காலை உயரத் தூக்கினார். கீழே தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அண்ணி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். சாயங்காலம் பையன், “வூட்டுக்குப் போலாம்மா” என்றான். அவனுக்கு வீடு எண்ணூர். ‘இருங்க அண்ணி’ என்று சொல்ல நினைத்தேன். எனக்காகப் பேசுகிறவரிடமே பேச வேண்டியிருந்தது, வாய் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அண்ணியும் இப்போது இல்லை. போன வாரம் ஆட்கள் வந்தார்கள். பழைய குழாய் போதவில்லையாம், பெரிதாகப் போடப் போகிறார்களாம். மஞ்சள் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வாசலையும் தாண்டிக் கோடு போகிறது. காலையில் கொட்டாங்குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் தெளித்தேன். கோடு அழியவில்லை. அழிந்திருந்தால் மறுபடி போட்டிருப்பேன்.